துண்டு இல்லாமல் போனவர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. இரவுச் சாப்பாடு முடிந்தபின் நிதானமாகப் படியுங்கள்.

இந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் என்னிடம் அடிக்கடி வரும் ஒரு கேள்வி: "சார், என் பேரில் ஒரு சின்ன கேஸ் இருக்கிறது. சிங்கப்பூருக்கு விசா வருகிற நேரம். போகலாமா, போக முடியாதா?" சிலர் பெங்களூரு, ஐதராபாத் என்று வெளிமாநில வேலையைப் பற்றிக் கேட்கிறார்கள். விசாரித்தால் பெரும்பாலும் சாலை மறியல், அனுமதி இல்லாமல் கூட்டம் கூடியது, ஊரடங்கு நேரத்தில் வண்டி ஓட்டியது, திருவிழாத் தகராறு என்று இருக்கும். தண்டனை என்று பார்த்தால் சில நூறு ரூபாய் அபராதத்தோடு முடியக்கூடியவை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் முகத்தில் ஆயுள் தண்டனை வாங்கியவனின் கலக்கம் தெரிகிறது.

நான் வக்கீல் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து, கரும்பலகை முன்னால் காலம் கழித்தவன். ஆனால் சரித்திரம் படிக்கும் பழக்கம் உண்டு. இந்தக் கேள்வி நம் மண்ணில் புதியதல்ல. நம் பாட்டன் பூட்டன் காலத்திலேயே, ஊரைவிட்டு, தோட்டத்தைவிட்டு, நாட்டைவிட்டுப் புறப்பட்டவனின் காலில் ஒரு சின்னக் குற்றச்சாட்டைக் கட்டிவிடுவது வழக்கமாக இருந்திருக்கிறது. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் இன்று என்ன செய்வது என்பதும் விளங்கும்.

வேலையை விட்டால் ஜெயில்

1859ஆம் ஆண்டு வெள்ளைக்கார அரசாங்கம் 13ஆம் எண் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வேலையாள் ஒப்பந்தத்தை மீறுவது பற்றிய சட்டம் அது. முதலில் சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களுக்கு என்று வந்து, பிறகு மற்ற இடங்களுக்கும் விரிந்தது. முன்பணம் வாங்கிய வேலையாள் வேலையை விட்டுவிட்டால் முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்கலாம். "பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் வேலையைச் செய்து முடி" என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடுவார். அதை மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல்.

அடுத்த ஆண்டே, 1860இல், இந்திய தண்டனைச் சட்டம் வந்தது. அதில் 492 என்று ஒரு பிரிவு. முதலாளி செலவில் தூர இடத்துக்கு அழைத்துப் போகப்பட்ட வேலையாள் ஒப்பந்தக் காலம் முடியும் முன் ஓடிப்போனால் ஒரு மாதம் சிறை, அல்லது அழைத்துப்போன செலவைப்போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

கவனியுங்கள் பிள்ளைகளே. ஒருவருக்கொருவர் செய்துகொண்ட ஒப்பந்தத்தை மீறினால் அது சிவில் வழக்கு. முதலாளி கூலி கொடுக்காமல் மீறினால் வேலையாள் சிவில் கோர்ட்டுக்குத்தான் அலைய வேண்டும். வேலையாள் மீறினால் மட்டும் அது குற்றம், ஜெயில். ஒரே ஒப்பந்தம்தான், ஒரு பக்கத்துக்கு மட்டும் விலங்கு.

இங்கிலாந்திலும் இதே மாதிரிச் சட்டம் இருந்தது. தொழிலாளர்கள் போராடி 1875இல் அதை ஒழித்தார்கள். அதற்குப் பிறகும் நம் நாட்டில் அரை நூற்றாண்டு அது உயிரோடு இருந்தது. தன் வீட்டில் வேண்டாம் என்று தூக்கிப்போட்டதை நம் வீட்டில் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

கண்டிச் சீமைக்குப் போன கதை

தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்துச் சனங்கள் கண்டிச் சீமைக்குப் போனது உங்களுக்குத் தெரியும். பல வீடுகளில் இன்றும் கண்டிக்காரர் வீடு என்ற பெயர் இருக்கிறது. தொண்டி, அம்மாபட்டினம், பாம்பன் பக்கத்துக் கரையிலிருந்து தோணியில் ஏறி மன்னார் கரையில் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரை காட்டு வழியாக 200 கிலோமீட்டருக்கு மேல் நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் இருபுறமும் ரயிலும் வந்தன.

அழைத்துப் போனவர் கங்காணி. பெரும்பாலும் அதே ஊர்க்காரர், சில சமயம் சொந்தக்காரர். முன்பணம் கொடுப்பார், ஊர்க் கடனை அடைப்பார், வழிச் செலவைப் பார்ப்பார். எல்லாம் கணக்கில் ஏறும். கழுத்தில் தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையைக் கட்டி அனுப்பும் முறையும் பிற்காலத்தில் வந்தது. அந்த வில்லையைக் காட்டினால் வழியில் காசு கேட்க மாட்டார்கள். ஆனால் அந்தச் செலவு முழுவதும் போய்ச் சேரும் தோட்டத்தில் அவன் தலையில் கடனாக எழுதப்படும். மலை ஏறி முதல் கொழுந்தைக் கிள்ளும் முன்பே கடன்காரன்.

இலங்கையில் 1865ஆம் ஆண்டின் 11ஆம் எண் சட்டம் நடப்பில் இருந்தது. சொல்லாமல் வேலையை விட்டுப் போனாலும், வேலைக்கு வர மறுத்தாலும், கீழ்ப்படியாவிட்டாலும் மூன்று மாதம் வரை சிறை. ஆனால் அதே சட்டத்தின்படி நோட்டீஸ் கொடுத்துவிட்டு வேலையாள் போகலாம். படிக்கும்போது நியாயமாகத்தானே தெரிகிறது?

இங்கேதான் துண்டு வருகிறது.

துண்டு என்றால் ஒரு சிறு சீட்டு. "இந்த ஆளுக்கு, அல்லது இந்தக் கூட்டத்துக்கு, இவ்வளவு ரூபாய் கடன் இருக்கிறது. அதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன்" என்று தோட்டத்துரை எழுதிக் கொடுப்பது. அதை எடுத்துக்கொண்டு கங்காணி வேறு தோட்டத்துக்குப் போவார். அந்தத் தோட்டம் பணத்தைக் கட்டும். கடன் இந்தப் பேரேட்டிலிருந்து அந்தப் பேரேட்டுக்குப் போகும். ஆளும் கடனோடு சேர்ந்து போவான். மாறும்போது கடன் குறையாது. கங்காணி மேலும் கொஞ்சம் முன்பணம் கேட்பதால் ஏறத்தான் செய்யும்.

துண்டு சட்டம் போட்டு உண்டாக்கியது அல்ல, துரைமார்களின் வழக்கம். ஆனால் துண்டு இல்லாமல் வந்தவனை அடுத்த தோட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். ஆகவே நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போகலாம் என்ற உரிமை காகிதத்தில் இருந்தது. போக இடம் இல்லை. துண்டு கேட்டுக் கிடைக்காதவன் ராத்திரியோடு ராத்திரியாகக் குடும்பத்தை அழைத்துக்கொண்டு மலை இறங்கினான். இறங்கிய நிமிடத்தில் அவன் குற்றவாளி. பிடிபட்டால் கோர்ட்டு, சிறை. வெளியே வந்தால் அதே தோட்டம், அதே கடன்.

அவன் திருடினானா? அடித்தானா? இல்லை. வேறு இடத்துக்குப் போக நினைத்தான். அவ்வளவுதான் அவன் செய்தது.

தஞ்சாவூர்க்காரர் ஒருவர்

இந்த இடத்தில் நம் ஜில்லாக்காரர் ஒருவரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர் கோ. நடேசய்யர். தஞ்சாவூரில் இருந்து இலங்கைக்குப் போனவர். வெளியாள் அனுமதி இல்லாமல் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறி நுழைந்த குற்றம். தொழிலாளியைப் பார்க்கச் சொந்தக்காரன் போனாலும் துரையின் சம்மதம் வேண்டும். நடேசய்யர் என்ன செய்தார் தெரியுமா? துணி மூட்டையைச் சுமந்துகொண்டு புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போனார். வியாபாரியைத் துரைமார் விட்டுவிடுவார்கள். உள்ளே போய் சனங்களின் நிலைமையைக் கண்ணால் பார்த்தார், கேட்டார், எழுதினார்.

1920களின் தொடக்கத்தில் கொழும்பில் 'தேசநேசன்' என்ற தமிழ் நாளிதழை நடத்தினார். 1925இல் சட்ட நிரூபண சபைக்குப் போனார். 1931இல் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று சம்மேளனம் அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சியம்மை கூட்டங்களில் தொழிலாளர்களுக்காகப் பாட்டுக் கட்டிப் பாடியவர். 1947இல் நடேசய்யர் மறைந்தார். நம் ஊரில் அவர் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. மலையகத்தில் இன்றும் சொல்கிறார்கள்.

பல பக்கத்து நெருக்குதலுக்குப் பிறகு 1921ஆம் ஆண்டின் 43ஆம் எண் சட்டத்தால் துண்டு ஒழிந்தது. அதையொட்டி, வேலையை விட்டுப் போனதற்குச் சிறை என்பதும் போனது. இந்தியாவில் 1925இல் சட்டம் இயற்றி, 1859ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 492ஆம் பிரிவையும் நீக்கினார்கள். 1926 ஏப்ரல் முதல் தேதி அது நடப்புக்கு வந்தது. மறுபடியும் கணக்குப் போடுங்கள்: இங்கிலாந்து 1875, இலங்கை 1921, இந்தியா 1926.

எல்லை தாண்டினால் வழக்கு தீருமா?

"ஓடிப்போனால் என்ன சார், பாரதியார் போகவில்லையா?" என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. பாரதியார் மேல் இருந்தது சின்ன வழக்கு அல்ல, ராஜத்துரோக விவகாரம். 1908இல் 'இந்தியா' பத்திரிகையின் பதிவு பெற்ற ஆசிரியர் சீனிவாசன் கைதானபோது பாரதியார் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனார். பத்து ஆண்டுகள் அங்கே இருந்தார். 1918 நவம்பரில் எல்லை தாண்டி வந்ததும் கடலூர் பக்கத்தில் கைது செய்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் சிறையில் இருந்து டிசம்பரில் வெளியே வந்தார். பத்து வருடம் கழித்தும் போலீஸ் எல்லையில் காத்திருந்தது. மகாகவிக்கே அப்படி என்றால் நாம் எந்த மூலை?

இன்றைய துண்டு

சுதந்திரம் வந்தபிறகும் பாஸ்போர்ட் கொடுப்பதும் மறுப்பதும் அரசாங்கத்தின் இஷ்டமாகவே இருந்தது. 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளிநாடு போவது தனிமனித சுதந்திரத்தில் அடங்கும், சட்டம் இல்லாமல் அதைத் தடுக்கக் கூடாது என்றது. அந்த ஆண்டே பாஸ்போர்ட் சட்டம் வந்தது. 1978 ஜனவரியில் மேனகா காந்தி வழக்கில், சட்டம் இருந்தால் மட்டும் போதாது, அந்த நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று தீர்ப்பானது. இந்த இரண்டு தீர்ப்புகளையும் மறக்காதீர்கள். லயத்தில் இருந்து இறங்கி ஓடிய மனிதனுக்கு இல்லாதது உங்களுக்கு இருக்கிறது.

ஆனால் அதே பாஸ்போர்ட் சட்டத்தின் 6ஆம் பிரிவில் ஒரு வரி உண்டு. கிரிமினல் கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்கலாம். கொலை வழக்கு, மறியல் வழக்கு என்ற பேதம் அந்த வரியில் இல்லை. இதில் ஒரு வேடிக்கை. வழக்கு முடிந்து வெறும் அபராதம் கட்டியவனுக்கு அந்தப் பிரிவில் தடை இல்லை. தண்டனை பெற்றவனைத் தடுக்க வேண்டுமானால் ஐந்து ஆண்டுக்குள் ஒழுக்கக் கேடான குற்றத்துக்கு இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றிருக்க வேண்டும். அதாவது தீர்ப்பு வந்தவனைவிட வாய்தாவுக்கு அலைபவனுக்குத்தான் கதவு சாத்தியிருக்கிறது. குற்றம் சின்னது, காத்திருப்பு பெரியது. இது எனக்குத் துண்டைத்தான் நினைவூட்டுகிறது.

நம் டெல்டாவில் மீத்தேன் எடுக்கக் கூடாது என்று ரோட்டில் உட்கார்ந்த பிள்ளைகள் மேல் வழக்கு. 2020 ஊரடங்கில் வெளியே வந்தவர்கள் மேல் வழக்கு. 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் ஊரடங்கு மீறல் வழக்குகள் சுமார் 10 லட்சத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். வன்முறை, இ-பாஸ் மோசடி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. அதே ஆண்டு ஜூனில் புதிய அரசு மீத்தேன் போன்ற அறவழிப் போராட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. நல்ல அறிவிப்புகள். ஆனால் செய்தித்தாளில் வந்த அறிவிப்பு வேறு, உங்கள் வழக்கு எண்ணுக்கு எதிரே "முடிந்தது" என்று கோர்ட்டில் எழுதப்பட்டிருப்பது வேறு. இரண்டாவதுதான் உங்கள் கையில் இருக்க வேண்டிய துண்டு.

செய்ய வேண்டியவை

வாத்தியார் புத்தி, கடைசியில் குறிப்பு எழுதிப் போடாமல் விடாது.

ஒன்று. வழக்கு எந்தப் படியில் இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். போட்டதோடு நிற்கிறதா, குற்றப்பத்திரிகை கோர்ட்டில் கோப்புக்கு எடுக்கப்பட்டதா? வெறும் எஃப்.ஐ.ஆர். கோர்ட்டில் நிலுவையில் உள்ள வழக்கு ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தடவை சொல்லியிருக்கிறது.

இரண்டு. படிவத்தில் பொய் எழுதாதீர்கள். ஒருவரை வழிமறித்ததற்குத் தண்டனை அதிகபட்சம் ஒரு மாதம். தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்துப் பாஸ்போர்ட் வாங்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை. "இல்லை என்று போட்டுவிடு தம்பி, யார் பார்க்கப் போகிறார்கள்" என்று சொல்லும் ஏஜெண்டு உங்களோடு ஜெயிலுக்கு வர மாட்டார்.

மூன்று. வழக்கு நிலுவையில் இருந்தாலும் வழி உண்டு. 1993 ஆகஸ்ட் 25ஆம் தேதி மத்திய அரசு போட்ட அறிவிக்கையின்படி, வழக்கு நடக்கும் கோர்ட்டிலேயே மனுப் போட்டு வெளிநாடு போக அனுமதி பெற்றால் பாஸ்போர்ட் கொடுக்கலாம். கோர்ட்டு காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்குப் பாஸ்போர்ட் கிடைக்கும். கூப்பிட்டால் வந்து ஆஜராவேன் என்று உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும்.

நான்கு. வெளிமாநிலம் போகிறவர்களுக்கு: சின்ன வழக்கு இருக்கிறது என்பதற்காகவே பெங்களூருக்கோ ஐதராபாத்துக்கோ வேலைக்குப் போகக் கூடாது என்று சட்டம் இல்லை. ஆனால் ஜாமீன் உத்தரவில் நிபந்தனை இருக்கிறதா என்று வரிவரியாகப் படியுங்கள். புது முகவரியை வக்கீலிடம் கொடுங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேரில் வர முடியாவிட்டால் விலக்குக் கேட்டு மனுப் போடலாம். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டால் வாரண்டு வரும். ஜாமீனில் இருப்பவர் காரணமில்லாமல் ஆஜராகாவிட்டால் அதுவே தனிக் குற்றம், ஓராண்டு வரை சிறை. சின்ன வழக்கைப் பெரிய வழக்காக நாமே ஆக்கிக்கொள்வது இப்படித்தான்.

ஐந்து. வழக்கையே ரத்து செய்யக் கேட்கலாம். நம் தஞ்சை மாவட்டம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு உட்பட்டது. அதிகாரியின் உத்தரவை மீறியதாக 188ஆம் பிரிவில் போலீசே எஃப்.ஐ.ஆர். போட்டு நடத்த முடியாது, உரிய அதிகாரி எழுத்தில் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும் என்று 2018இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைக் காட்டிப் பல வழக்குகள் ரத்தாகியிருக்கின்றன. உங்கள் வழக்குக்கு அது பொருந்துமா என்று வக்கீலிடம் கேளுங்கள்.

ஆறு. வக்கீலுக்குக் காசு இல்லை என்று தள்ளிப் போடாதீர்கள். இலவச சட்ட உதவி 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமை. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் கேட்டுப் பெறலாம். தொலைபேசி எண் 15100.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை பேரில் சின்ன வழக்கு வந்துவிட்டால் வீட்டில் அதை மூடி மறைக்கிறீர்கள். சம்மன் வந்தால் "ஊரில் இல்லை" என்று திருப்பி அனுப்புகிறீர்கள். அவமானம் என்று நினைக்கிறீர்கள். மலைத் தோட்டத்தில் இருந்து இரவில் இறங்கியவனுக்குத் துண்டு கொடுக்க வேண்டியவர் துரை. கேட்டாலும் கொடுக்க மாட்டார். அதனால் அவன் ஓடினான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இன்று அந்தச் சீட்டைக் கொடுக்க வேண்டியது நீதிமன்றம். கேட்டால் பரிசீலித்தே ஆக வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். மேலே போகவும் வழி உண்டு. கேட்கும் உரிமை இருக்கும்போது ஓட வேண்டியதில்லை.

பிழைப்புக்கு ஊரைவிட்டுப் போவது குற்றமில்லை. பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை வீடுகளில் பாதிக்கு மேல் அப்படிப் போனவர்களின் உழைப்பில் எழுந்தவைதான். போங்கள், நன்றாக இருங்கள். போகும்முன் கோர்ட்டு நகலைக் கையில் வாங்கிக்கொண்டு போங்கள்.

உங்கள் குடும்பத்தில் கண்டிக்கோ பர்மாவுக்கோ மலேயாவுக்கோ போனவர்களின் பழைய சீட்டு, கடிதம், தகர வில்லை ஏதாவது பெட்டியில் கிடந்தால் தூக்கி எறியாதீர்கள். ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய சார், பட்டுக்கோட்டை